பசுமை என்ற பெயரில் ஒரு வெண்ணிற உப்பு

குடுவையில் நிறமற்ற கரைசல் இருக்கிறது. துளசி இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை அதில் துளித்துளியாக விட்டுக் கலக்கினால், சில மணி நேரத்தில் கரைசல் மஞ்சளாகிறது, பின் ஆரஞ்சாகிறது, முடிவில் செங்கல் நிறத்தில் நிலைக்கிறது. ஹைதராபாத், சென்னை, கோவை என எந்த நகரத்துப் பல்கலைக்கழகத்திலும் உயிர்த்தொழில்நுட்பமோ வேதியியலோ பயிலும் ஆய்வு மாணவர் இக்காட்சியை ஒருமுறையேனும் கண்டிருப்பார். கைப்பேசியில் படமெடுத்துத் துறைக் குழுவில் பகிர்ந்தும் இருப்பார். பிறகு கட்டுரை வருகிறது. தலைப்பில் இலையின் தாவரவியற்பெயர் இடம்பெறும். அதனுடன் ‘பசுமை முறைத் தொகுப்பு’ என்ற தொடரும் தவறாமல் இடம்பெறும். இலையை எங்கே பறித்தனர், எத்தனை நாள் நிழலில் உலர்த்தினர், அடையாளம் காட்டிய தாவரவியலாளர் யார் என்பதெல்லாம் விரிவாக எழுதப்படும். குடுவையில் முதலில் இருந்த அந்த நிறமற்ற கரைசல் மட்டும் செய்முறைப் பகுதியில் அரை வாக்கியத்தில் வந்து மறையும்.

அக்கரைசலில் இருப்பது சோடியம் செலினைட்டு. செலினியம் நானோ துகள் குறித்த இத்தகைய கட்டுரைகளில் செலினியம் முழுவதும் வருவது இவ்வுப்பிலிருந்தே. இலைச்சாறு செய்வது ஒடுக்க வினை மட்டும். +4 ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள செலினியத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துத் தனிமமாக்குகிறது, உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் தனியாகவே இதே வேலையைச் செய்துவிடும். அப்படியிருக்க, வினையின் பாதிப் பொருளை மட்டும் சுட்டும் ‘பசுமை’ என்ற அடைமொழி வினை முழுவதற்கும் பொருந்துமா என்ற கேள்வியை ஆய்வுலகம் போதிய அளவு கேட்கவில்லை.

உப்பின் இயல்பைச் சற்றுப் பார்க்கலாம். வெண்ணிறத் தூள், மணமில்லை, நீரில் மிக எளிதாகக் கரையும். நீரற்ற வடிவில் அதன் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 173. அதில் செலினியத்தின் பங்கு 45.7 விழுக்காடு. ஐந்து நீர் மூலக்கூறுகளைத் தாங்கிய படிகமாக வாங்கினால் மூலக்கூறு நிறை 263 ஆகிவிடுகிறது, செலினியத்தின் பங்கு 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. புட்டியின் முகப்பில் சிற்றெழுத்தில் இருக்கும் நீரேற்றக் குறிப்பைப் படிக்காமல் எடைபோடும் மாணவரின் கரைசலில், அவர் குறிப்பேட்டில் எழுதும் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு செலினியம் குறைந்தே இருக்கும். பிறகு அவருடைய முடிவு மற்றோர் ஆய்வகத்தின் முடிவோடு ஒத்துவராது. காரணம் தேடி இலையின் பருவத்தையும் மண்ணையும் ஆராயப் புறப்படுவார்.

நச்சுத்தன்மை அடுத்தது. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துக் கணித்த அரைக்கொல்லி அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். ஆய்வக அலமாரியில் தனியே பூட்டி வைக்கத்தக்க பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே செலினியமின்றி மனித உடல் இயங்காது என்பதும் உண்மை. 1957இல் சுவார்ட்சும் ஃபோல்ட்சும் எலிகளின் கல்லீரல் சிதைவைச் செலினியம் தடுப்பதைக் காட்டும்வரை அது வெறும் நஞ்சாகவே அறியப்பட்டிருந்தது. 1973இல் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியின் உறுப்பாக அது இனங்காணப்பட்டது. சீனத்தின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக் கேஷான் வட்டாரத்தில் 1935இல் பதிவான இதயத்தசை நோய், மண்ணில் செலினியம் மிகக் குறைந்த பகுதிகளைத் தொடர்ந்தது. 1970களில் சோடியம் செலினைட்டு மாத்திரை பெற்ற குழந்தைகளிடையே அந்நோய் வெகுவாகக் குறைந்தது. ஒரு வெண்ணிறத் தூள் ஒரு வட்டாரத்தின் குழந்தைகளைக் காத்த வரலாறு இது. அதனை நஞ்சு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவதும் நேர்மையாகாது.

ஹைதராபாத்தின் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூரில் மக்கரிசனின் சிறு பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி 1958இல் இந்நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்தியர்களுக்கான ஊட்டச்சத்துப் பரிந்துரைகள் இங்கிருந்தே வெளிவருகின்றன. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் செலினியம் 40 மைக்ரோகிராம் என்பது அதன் பரிந்துரை. இந்த எண்ணை உப்பின் எடைக்கு மாற்றிப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ஒரு கிராம் நீரற்ற சோடியம் செலினைட்டில் 457 மில்லிகிராம் செலினியம் இருக்கிறது. கணக்குக்கு அது ஒரு மனிதருக்கு முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் போதும். இவ்வளவு நுண்ணிய தேவையை இவ்வளவு செறிந்த உப்பிலிருந்து நிறைவேற்றும்போது ஒரு தசமப்புள்ளியும் ஓர் அலகும் உயிர்ப்பிரச்சினை ஆகிவிடுகின்றன. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவ ஊட்டச்சத்துப் பானத்தில் முகப்பில் குறித்ததைவிட இருநூறு மடங்கு செலினியம் கலந்துபோயிற்று. பத்து மாநிலங்களில் 201 பேர் முடி உதிர்ந்தும் நகம் சிதைந்தும் மூட்டுவலியோடும் துன்புற்றனர். அடுத்த ஆண்டே ஃபுளோரிடாவில் மருந்தகம் ஒன்று கலந்து கொடுத்த ஊசிமருந்தில் செலினியம் மிகுந்து 21 போலோ குதிரைகள் மடிந்தன.

கோழித்தீவனத்தில் இந்தக் கணக்கு அன்றாட நடைமுறை. ஹைதராபாத்தைச் சுற்றியும் நாமக்கல்லிலும் முட்டைக்கோழி வளர்ப்போருக்குச் சோடியம் செலினைட்டு என்ற பெயர் தெரியாவிட்டாலும் பொருள் தெரியும். பிரீமிக்ஸ் பையின் வழியாக அது அவர்களிடம் வருகிறது. ஒரு கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் செலினியம் என்பது அமெரிக்காவில் சேர்க்க அனுமதிக்கப்படும் உச்ச அளவு. அதன்படி ஒரு டன் தீவனத்துக்குத் தேவைப்படும் உப்பு 0.66 கிராம்தான், இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகையை ஒரு டன்னில் சீராகக் கலப்பது இயலாது என்பதாலேயே சுண்ணாம்புத்தூள் போன்றவற்றோடு அதனை முன்கூட்டியே பலமுறை நீர்க்கச் செய்கின்றனர். தொழில் இதனைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நீர்க்கச் செய்த கணக்கைப் பையின் மேலும் அச்சிடுகிறது. பல்கலைக்கழக ஆய்வகம் தன் கணக்கை எங்கும் எழுதுவதில்லை என்பதுதான் வியப்பு.

நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு இவ்வுப்பு வேறொரு வடிவில் பழக்கமானது. 1936இல் லைஃப்சன் உருவாக்கிய செலினைட்டு வளர்ப்புநீர், மலத்தில் கலந்திருக்கும் பல்வகைப் பாக்டீரியாக்களிடையே டைபாய்டுக்குக் காரணமான சால்மோனெல்லாவைப் பிரித்துப் பெருக்க உதவுகிறது. குடல்வாழ் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைச் செலினைட்டு முதல் சில மணி நேரம் அடக்கிவைக்கிறது, சால்மோனெல்லா தாக்குப்பிடிக்கிறது. அதிகச் சூடேற்றினால் வளர்ப்புநீரின் அடியில் சிவப்புப் படிவு தங்கிவிடும். ஆகவே ஆட்டோகிளேவில் வைக்கக்கூடாது என்று ஆசிரியர் கண்டித்துச் சொல்வது இதனால்தான். அந்தச் சிவப்புப் படிவும் நானோ துகள் கட்டுரையின் சிவப்பும் ஒரே பொருள். ஒரு துறையில் ‘கெட்டுப்போன ஊடகம்’ எனக் கொட்டப்படுவது அடுத்த துறையில் ‘வெற்றிகரமான தொகுப்பு’ ஆகிறது. இவ்வளர்ப்புநீரைத் தயாரிக்கும் பெண் ஆய்வகப் பணியாளர்களின் கருச்சிதைவுக்கும் செலினைட்டுத் தூளுக்கும் தொடர்பிருக்குமோ என ஐயுற்று 1970இல் லான்செட் இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. அந்த ஐயம் உறுதிப்படவில்லை. எனினும் தூளை எடைபோடும்போது முகக்கவசமும் புகைபோக்கிப் பெட்டியும் வேண்டும் என்பதற்கு அந்த ஐயம் உறுதிப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இனிப் பெயர்களின் சிக்கலுக்கு வரலாம். இச்சிக்கலில் வேதியியலாருக்கு இணையாக மொழியியலாருக்கும் பொறுப்பு உண்டு. 1817இல் பெர்சீலியஸ் இத்தனிமத்தைக் கண்டறிந்தபோது, புவியின் பெயரைத் தாங்கிய டெலூரியத்தை அது ஒத்திருந்ததால், அதற்குத் துணையாக நிலவின் பெயரை இட்டார். கிரேக்கத்தில் நிலவு செலீனி. ஆனால் நிலவின் பெயரால் வழங்கிய கனிமம் ஒன்று அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. ஒளி ஊடுருவும் ஜிப்சப் படிகத்தைப் பழங்காலத்திலிருந்தே செலினைட்டு என்று அழைத்தனர். அது கால்சியம் சல்பேட்டு. அதில் செலினியம் அணுவளவும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் காரைக் களிமண் மேடுகளில் நரம்புபோல் ஓடும் ஜிப்சத்தைப் பார்த்தவர்கள் அதன் பளபளப்பை அறிவர். இணையத்தில் ‘செலினைட்டு’ என்று தேடும் மாணவருக்கு முதலில் கிடைப்பது அறை அலங்காரக் கல்.

ஆங்கிலத்தின் குழப்பம் அத்தோடு நின்றுவிடுகிறது. தமிழில் வேறொரு குழப்பம் சேர்கிறது. அதற்குத் தமிழ் காரணமன்று, தமிழை எழுதும் முறை காரணம். செலினைடு, செலினைட்டு, செலினேட்டு என்று எழுதினால் மூன்று சேர்மங்களும் மூன்று சொற்களாக நிற்கின்றன. தனித்த டகரம் உயிர்களுக்கிடையே மெலிந்து ஒலிப்பதும் இரட்டித்த டகரம் வலித்து ஒலிப்பதும் தமிழின் இயல்பு. அந்த இயல்பே வேதியியல் ஈறுகளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. செலினைடு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், செலினைட்டு வன்றொடர்க் குற்றியலுகரம். வல்லின மெய்யில் சொல்லை முடிப்பதில்லை என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் மரபு. இந்த மரபைப் பழமை என்று கருதி அண்மைக்காலத்தில் பலரும் ‘செலினைட்’ என்றும் ‘சல்பைட்’ என்றும் புள்ளிவைத்து முடிக்கின்றனர். அந்த நொடியில் இரண்டு சேர்மங்கள் ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் சுருண்டுவிடுகின்றன. அது −2 நிலையிலுள்ள செலினைடா, +4 நிலையிலுள்ள செலினைட்டா என்பதை வாசகர் ஊகிக்க வேண்டியதாகிறது. சோடியம் செலினைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் செலினைடு என்ற கொடிய வாயு வெளியேறும். ஊகத்துக்கு விடத்தக்க வேறுபாடன்று இது. தெலுங்கில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. ஒலிப்புடைய டகரத்துக்கும் ஒலிப்பிலா டகரத்துக்கும் அங்கே தனித்தனி எழுத்து உண்டு. ஹைதராபாத்தில் ஒரே மேசையில் பணிபுரியும் தெலுங்கு மாணவர் தம் மொழியில் இயல்பாகக் காணும் வேறுபாட்டைத் தமிழ் மாணவர் இழந்திருக்கிறார். இழந்தது தம் மொழியின் பழைய விதியொன்றைப் புறக்கணித்ததால் என்பதையும் அவர் அறியமாட்டார்.

ஆய்வகப் புட்டியில் ஆங்கிலம்தானே இருக்கிறது, தமிழ் ஈற்றெழுத்தால் யார் சாகப்போகிறார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தமிழ்வழி பயின்று வரும் இளநிலை மாணவரும் வேளாண் கையேட்டைப் படிக்கும் உழவரும் புட்டிக்கு முன்பே சொல்லைச் சந்திக்கின்றனர். செலினைட்டுக்கும் செலினேட்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை மண் காட்டும். பின்லாந்து 1985 முதல் தன் நாடு முழுவதும் உரத்தில் செலினியம் சேர்த்து வருகிறது. அவர்கள் தேர்ந்தது செலினேட்டு. செலினைட்டு மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகளோடு இறுகப் பிணைந்துகொள்வதால் பயிருக்கு எளிதில் கிட்டாது. செலினேட்டு நீரோடு நகர்ந்து வேருக்குள் போய்விடும். ஓர் உயிரெழுத்தை மாற்றிப் படித்தால் ஒரு நாட்டின் உரக் கொள்கையே தலைகீழாகப் புரியும்.

நகரும் செலினியம் மிகுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பாடம் உண்டு. பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்திலும், 2008 முதல் சகீத் பகத்சிங் நகர் எனப் பெயர் பெற்ற நவான்ஷகர் மாவட்டத்திலும் சில கிராமங்கள். பர்வா, சிம்ப்ளி, ஜெயின்பூர் ஆகியவை ஆய்விலக்கியத்தில் அடிக்கடி வரும் பெயர்கள். சிவாலிக் குன்றுகளிலிருந்து வெள்ளம் கொண்டுவந்து பரப்பிய வண்டலில் செலினியம் மிகுந்திருந்தது. அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற எருமைகளின் குளம்புகள் கழன்றன, கொம்புகள் உதிர்ந்தன. மக்களுக்குத் தலைமுடி கொட்டியது, நகங்கள் உருமாறின. எருமைகளின் இத்தகைய நோய்க்கு, இன்று பாகிஸ்தானில் உள்ள ஓர் ஓடையின் பெயரால் தெக்நாலா நோய் என்ற பெயர் முன்பே இருந்தது. ஈர வைக்கோலில் வளரும் பூஞ்சையின் நஞ்சே அதற்குக் காரணம் என்பாரும் உண்டு, அந்த விவாதம் முற்றுப்பெறவில்லை. ஆனால் இக்கிராமங்களின் மண்ணிலும் கோதுமையிலும் செலினியம் மிகுந்திருப்பதை லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான கே. எஸ். தில்லானும் எஸ். கே. தில்லானும் பல்லாண்டு உழைப்பில் நிறுவினர். அவர்கள் சோதித்துப் பயன்கண்ட தீர்வுகளுள் ஒன்று, வயலில் ஜிப்சம் இடுவது. ஜிப்சத்தின் சல்பேட்டு, வேரின் வாயிலில் செலினேட்டோடு போட்டியிட்டு அதனை உள்ளே விடாமல் தடுக்கிறது. நிலவின் பெயரைத் தாங்கிய, செலினியமே இல்லாத அந்தப் பழைய செலினைட்டுதான் செலினியத்துக்கு மாற்றாக வயலில் இறங்குகிறது. பெயர்களின் இந்த முரணைத் தில்லான்கள் கவனித்தார்களோ இல்லையோ, பர்வாவின் உழவர்களுக்கு அது பொருட்டில்லை. அவர்களுக்கு வேண்டியது கோதுமையில் குறையும் எண்.

இனி அந்தச் செங்கல் நிறக் குடுவைக்குத் திரும்பலாம். பசுமைத் தொகுப்புக் கட்டுரைகளில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது அறிவியல் குறை. துகள்கள் உருவாயின என்பதை நிறமும் மின்னணு நுண்ணோக்கிப் படமும் காட்டுகின்றன. செலினைட்டு முழுவதும் வினையுற்றதா என்பதை அவை காட்டா. எஞ்சிய செலினைட்டைச் சரிவரக் கழுவி நீக்காமல் அத்துகள்களைப் புற்றுச்செல்களின் மேல் இட்டு, செல்கள் மடிந்ததும் ‘புற்று எதிர்ப்புத் திறன்’ என்று எழுதிவிடுகின்றனர். செலினைட்டு தனியாகவே சில மைக்ரோமோலார் செறிவில் பல புற்றுச்செல் வகைகளைக் கொல்லும். கொன்றது துகளா, கழுவப்படாத உப்பா? துகள்களைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் தெளிநீரையும் அதே செறிவுள்ள செலினைட்டுக் கரைசலையும் அருகருகே வைத்துச் சோதிக்காத கட்டுரையால் இதற்கு விடை சொல்ல இயலாது. இந்த ஒப்பீட்டை வாய்மொழித் தேர்வில் கேட்கும் தேர்வாளர்கள் மிகக் குறைவு. கேட்டால் பல ஆய்வேடுகளின் ஐந்தாம் இயல் மீண்டும் எழுதப்பட வேண்டியிருக்கும். கேட்காமல் விடுவதற்கு அதுவே காரணமாக இருக்கவும் கூடும்.

மற்றது கழிவு. வழக்கமான செய்முறையில் 10 மில்லிமோலார் செறிவில் நூறு மில்லிலிட்டர் கரைசல் தயாரிப்பர். அதில் உப்பு 173 மில்லிகிராம், செலினியம் 79 மில்லிகிராம். இந்தியச் சுற்றுச்சூழல் விதிகளின்படி பொதுச் சாக்கடையிலோ நீர்நிலையிலோ விடப்படும் கழிவுநீரில் செலினியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த ஒரு குடுவையைத் தொட்டியில் கொட்டிவிட்டு விதிக்கு உட்பட வேண்டுமானால் 1,580 லிட்டர் நீர் வேண்டும். வினை பாதி நிகழ்ந்தது என்று கொண்டாலும் 790 லிட்டருக்குக் குறையாது. வெப்பநிலை, அமிலகாரநிலை, சாற்றின் அளவு என ஒவ்வொன்றையும் மாற்றிமாற்றி முப்பது குடுவைகள் வைப்பது ஓர் ஆய்வேட்டின் இயல்பான தேவை. ஓர் ஆய்வகத்தால் மூசி நஞ்சாகிவிடாது என்பது மெய்தான். ஆனால் ஹைதராபாத்தின் சாக்கடை மூசியில் சேர்கிறது. மூசியின் நீரில் கரையோரத் தீவனப்புல்லும் கீழ்ப்பகுதியில் நெல்லும் விளைகின்றன. அப்புல்லை நகரத்துக்குப் பால் தரும் எருமைகள் தின்கின்றன. பஞ்சாபில் வெள்ளம் தானாகச் செய்ததை இங்கே ‘பசுமை’ என்று பெயர்சூட்டிச் சிறிதளவேனும் கையால் செய்வது எவ்வகையிலும் பொருந்தாது. பக்கத்திலேயே நல்கொண்டா இருக்கிறது. நிலத்தடி நீரில் கரைந்த ஃபுளோரைடு சில தலைமுறைகளின் எலும்புகளை வளைத்ததை அந்த மாவட்டம் அறியும்.

இந்த ஆய்வையே கைவிட வேண்டும் என்பது இங்கு வாதமன்று. தனிமச் செலினியத் துகள்கள் செலினைட்டைவிட நச்சுக் குறைந்தவை என்பதற்கு விலங்குச் சோதனைச் சான்றுகள் உண்டு. தீவனத்துக்கு அவை ஒருநாள் நல்ல மாற்றாகவும் அமையலாம். ராஜேந்திரநகரில் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் இருக்கும் நகரத்தில் அத்தகைய கேள்வியை ஆராய்வது முறையே. வேண்டுவது, தலைப்பில் இலைக்குக் கிடைக்கும் இடத்தில் உப்புக்கும் ஓரிடம். சோடியம் செலினைட்டு, நீரற்றதா ஐந்நீரேறியதா, எத்தனை மில்லிமோல், அதில் எவ்வளவு தனிமமாயிற்று, எஞ்சியது எங்கே போயிற்று என்பவற்றைச் செய்முறையில் நான்கு வரிகளில் எழுதிவிடலாம். எழுதாத கட்டுரைக்குப் பசுமை என்ற அடைமொழியை மறுக்கும் உரிமை மதிப்பீட்டாளருக்கு உண்டு. தமிழில் எழுதுவோர் அந்த நான்கு வரியில் ‘செலினைட்டு’ என்று உகரம் குன்றாமல் எழுதினால் இன்னும் நல்லது.

எஞ்சியதைக் கையாளும் வழியும் அதே வேதியியலில் இருக்கிறது. கழிவுக் கரைசலில் அஸ்கார்பிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்து ஓரிரவு விட்டுவைத்தால் எஞ்சிய செலினைட்டின் பெரும்பகுதி சிவப்புப் படிவாக அடியில் தங்கும். வடிகட்டிய நீரில் செலினியம் எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகே அதனை வெளியே விட வேண்டும். படிவை உலர்த்தி, மூடியிட்ட புட்டியில் சேர்த்து, பெயரும் எடையும் நாளும் எழுதி ஒட்டி, பல்கலைக்கழகத்தின் அபாயக் கழிவோடு துண்டிகல் மையத்துக்கு அனுப்பலாம். முப்பது குடுவைகளின் செலினியம் முழுவதும் வந்துசேர்ந்தாலும் அந்தப் புட்டியில் இரண்டரை கிராம்கூடத் தேறாது.